உறுமுகிற நாயை அதட்டாதீர்கள்

நாய் உறுமினால் அதட்டுவதுதான் நம்மில் பலருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். நானும் அப்படித்தான் இருந்தேன். என் நாய் சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமும், நான் ஒரு சத்தம் போடுவேன், அடங்கிவிடும். சில வாரங்களில் உறுமலே நின்றுபோனது, பழக்கிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. அப்புறம் ஒரு நாள் தட்டை நகர்த்தக் குனிந்தேன், எந்தச் சத்தமும் இல்லாமல் மணிக்கட்டைக் கவ்விவிட்டது. அதன் கோபம் எங்கேயும் போயிருக்கவில்லை, கோபம் வந்திருக்கிறது என்று சொல்லும் வாயைத்தான் நான் அடைத்து வைத்திருந்தேன்.

அதனால் உறுமல் கேட்டால் முதலில் நின்றுவிடுங்கள், பிறகு இரண்டடி பின்னால் வாருங்கள். இப்படி விட்டுக்கொடுத்தால் தலைக்கு மேல் ஏறிவிடும், யார் தலைவன் என்று காட்ட வேண்டும் என்பார்கள். அந்தத் தலைவன் கதை, 1947-இல் ரூடால்ஃப் ஷெங்கல் என்பவர் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து பரவியது. காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, குட்டிகள், அவ்வளவுதான். இதைப் பின்னால் எடுத்துச் சொன்னவர் ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மீச், முன்பு தலைவன் கருத்தைப் பரப்பியதில் அவருக்கே பங்கு உண்டு. நாயை மல்லாத்தி அமுக்கிப் பிடித்து 'பணிய வைக்கும்' வித்தையை மட்டும் செய்யாதீர்கள், அந்த நேரத்தில் அதன் பல்லுக்கு மிக அருகில் இருப்பது உங்கள் முகம்.

உறுமலுக்கு முன்பே நாய் நிறைய சொல்லிவிடும். உதட்டை நக்கும், தூக்கம் வராதபோதே கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரக்கண்ணால் பார்க்கும். இதையெல்லாம் விட எனக்குப் பயம் தருவது, சாப்பிட்டுக்கொண்டிருந்த நாய் தலையைத் தூக்காமல் திடீரென்று சிலை மாதிரி உறைந்துபோவது. வாலாட்டுகிற நாய் கடிக்காது என்பதையும் நம்ப வேண்டாம், உடம்பு விறைத்து, வால் மேலே நிமிர்ந்து, நுனி மட்டும் படபடவென்று ஆடினால் அது பாசம் இல்லை.

சாப்பாட்டுத் தட்டைக் காக்கிற நாயை மாற்ற, தட்டை எடுக்காதீர்கள், தட்டில் கையும் விடாதீர்கள். அது நிம்மதியாகச் சாப்பிடுகிற தூரத்தில், பத்தடியோ பதினைந்தடியோ, நடந்து போங்கள். போகிற போக்கில் தட்டில் இருப்பதை விட ருசியான ஒரு துண்டை அதன் பக்கம் எறிந்துவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். தினமும் இதையே செய்யுங்கள். நீங்கள் வருவதைப் பார்த்ததும் அது தலையைத் தூக்கி, உடம்பு தளர்ந்து, 'என்ன கொண்டு வந்தே' என்பதுபோலப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் அரை அடி நெருங்க வேண்டும். அவசர அவசரமாக விழுங்க ஆரம்பித்தால் நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள், பழைய தூரத்துக்கே போங்கள். இதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை குழந்தைகளை அந்த அறைப் பக்கமே விடக் கூடாது, கதவைச் சாத்திவிட்டுச் சாப்பாடு வைப்பது கோழைத்தனம் ஒன்றும் இல்லை.

நேற்று வரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று சீறினால், பயிற்சி யோசனையெல்லாம் அப்புறம், முதலில் கால்நடை மருத்துவர். காதில் சீழ், பல்வலி, மூட்டுவலி என்று காரணம் உடம்பில் இருக்கலாம். வயதான நாய்க்குக் கண் மங்கிப்போய், தொட்டதும் திடுக்கிட்டுக் கடிப்பதும் உண்டு.

கடிக்காமலிருக்க நாயின் வாயில் வாய்க்கூடை போடுவதைச் சிலர் கொடுமை என்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விடுகிற கூடை வகைதான் வாங்க வேண்டும். அதற்குள் தின்பண்டம் வைத்து நாயே மூக்கை விடும்வரை பல நாள் பழக்கிய பிறகே வாரை மாட்டுங்கள்.

சரி, தெரியாத நாய் தெருவில் பாய்ந்து வந்தால்? ஓடாதீர்கள், ஓட்டத்தில் அதை ஜெயிக்க முடியாது, ஓடினால் துரத்தத்தான் தோன்றும். கண்ணைப் பார்க்காமல், உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, கைகளை ஒட்டி வைத்து நில்லுங்கள். பை, குடை, சைக்கிள் எது இருந்தாலும் நடுவில் பிடியுங்கள், அதன் வேகம் தணிந்ததும் முதுகைக் காட்டாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு, விரல்களைப் பின்கழுத்தில் கோத்து, முழங்கையால் காதையும் முகத்தையும் மறைத்துக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும்.

கடித்துவிட்டால், கீறல்தான் என்றாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், கடிகாரம் பார்த்தே கழுவுங்கள், இரண்டு நிமிடத்திலேயே போதும் என்று தோன்றும். பிறகு அன்றைக்கே மருத்துவமனை. ரேபீஸ் அறிகுறி தெரிந்த பிறகு ஆளைக் காப்பாற்றுவது அநேகமாக நடக்காத காரியம். கடித்தது வீட்டு நாய் என்றால் அதை 10 நாள் கவனிக்கச் சொல்வார்கள், ஆனால் அந்த 10 நாள் முடியட்டும் என்று முதல் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். நாய் நன்றாகத்தான் இருக்கிறது என்றாலும், மிச்ச ஊசி வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.