மக்காச்சோள எண்ணெய்: முளை உடையாமல் வந்தால் பாதி வேலை முடிந்தது

மக்காச்சோளத்தை அப்படியே செக்கில் போட்டால் மாவுதான் கிடைக்கும். எள்ளின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். மக்காச்சோள மணியிலோ நான்கைந்து சதவீதம்தான். அதிலும் பெரும்பகுதி, கதிரோடு ஒட்டியிருந்த முனைப் பக்கம் உள்ள முளையில், அதாவது செடியாக வளரக்கூடிய கருப்பகுதியில் இருக்கிறது. அதனால்தான் ஸ்டார்ச் ஆலைகளில் முதலில் முளையைப் பிரிக்கிறார்கள்.

கல், தூசி, உடைந்த மணிகளைச் சலித்து நீக்கிவிட்டு, 50 டிகிரி சூட்டு நீரில் 30 முதல் 50 மணி நேரம் ஊறவைக்க வேண்டும். அந்த நீரில் 0.1 முதல் 0.2 சதவீதம் கந்தக டை ஆக்சைடு இருக்க வேண்டும். அது மாவைக் கட்டிவைத்திருக்கும் புரதத்தைத் தளர்த்தும், ஊறல் அழுகாமலும் காக்கும். ஒரு மணியை விரலால் பிதுக்கிப் பாருங்கள். முளை ரப்பர்போல வளைந்து முழுசாக வெளியே வந்தால் பதம் சரி. ஊறல் போதாவிட்டால் முளை நொறுங்கி எண்ணெய் மாவில் இறங்கிவிடும். எண்ணெயும் போச்சு, மாவும் கெட்டது. அறுவடைக்குப் பின் அதிகச் சூட்டில் உலர்த்திய மணியிலும் இதே தொல்லை வரும்.

அடுத்தது ஆட்டுவது. ஆட்டும் இயந்திரத்துத் தட்டுகளின் இடைவெளியை அகலமாக வையுங்கள். மணி பிளந்தால் போதும், அரையக் கூடாது. எண்ணெய் நிறைந்த முளை இலேசானது என்பதால் ஹைட்ரோசைக்ளோனில் (நீரோடு சுழற்றி, இலேசானதையும் கனமானதையும் பிரிக்கும் கூம்புக் கருவி) மேல்வழியாக வந்துவிடும். கழுவிப் பிழிந்து, ஈரம் 2 முதல் 4 சதவீதம் வரை உடனே காயவைக்க வேண்டும். ஈரத்தோடு கிடந்தால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும்.

காய்ந்த முளையில் பாதிக்குப் பாதி எண்ணெய். சூடேற்றி எக்ஸ்பெல்லர் என்ற திருகு பிழிபொறியில் பிழிந்தபின், புண்ணாக்கில் தங்கியதை ஹெக்சேன் என்ற கரைப்பான் ஊற்றிக் கரைத்தெடுப்பார்கள். 69 டிகிரியில் கொதிக்கும் ஹெக்சேனை ஆவியாக்கித் திரும்பப் பிடித்துக்கொள்ளலாம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். ஒரு பொறி போதும் பற்றிக்கொள்ள. ஆகவே இதை வீட்டிலோ சிறு பட்டறையிலோ செய்யவே கூடாது.

சுத்திகரிப்பில் வெந்நீர் கலந்து பசையை நீக்கி, காஸ்டிக் சோடாவால் அமிலத்தை முறிக்க வேண்டும். சோடா கூடினால் நல்ல எண்ணெயும் சோப்பாகிவிடும். பிறகு களிமண்ணால் நிறம் நீக்கி, 5 முதல் 10 டிகிரிவரை மெல்லக் குளிரவைத்து, உறையும் மெழுகை வடிகட்ட வேண்டும். கடைசியில் வெற்றிடத்தில் 230 டிகிரிக்கு மேல் நீராவி செலுத்தி வாடையைப் போக்குவார்கள். நூறு கிலோ மணிக்கு ஏறத்தாழ மூன்று கிலோ எண்ணெய் தேறும்.

மெழுகு போனதா என்று பார்க்க, ஈரமில்லாத எண்ணெயைச் சீசாவில் அடைத்து, உருகும் பனிக்கட்டி நீரில் ஐந்தரை மணி நேரம் வையுங்கள். கலங்கினால் மறுபடி குளிரவைத்து வடிகட்டுங்கள்.