பழைய வீட்டை விற்கிறீர்களா? வரியை இரண்டு விதமாகப் போட்டுப் பாருங்கள்

2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டுக்கு, இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் இரண்டு கணக்கில் எதில் வரி குறைவோ அதைக் கட்டலாம்: பணவீக்கத்துக்கேற்ப வாங்கிய விலையை ஏற்றிக்கொண்டு, மீதி லாபத்தில் 20%; ஏற்றாமல், முழு லாபத்தில் 12.5%. ‘12.5 தானே குறைவு’ என்று அவசரப்பட வேண்டாம்.

2010-11ல் 30 லட்சத்துக்கு வாங்கி, 2025-26ல் 75 லட்சத்துக்கு விற்றால், முதல் வழியில் வரி சுமார் ஒன்றரை லட்சம். இரண்டாவதில் ஐந்தரை லட்சத்துக்கு மேல்! அதே வீடு ஒன்றரைக் கோடிக்குப் போயிருந்தால் 12.5% வழிதான் லாபம். விலை மெதுவாக ஏறிய ஏரியாக்காரர்களுக்குத்தான் 20% வழி முக்கியம். லாபத்தில் கழித்துக்கொள்ள, புதுப்பித்த செலவுக்கான பில்களையும் தேடி எடுங்கள். நம்மில் பலர் அவற்றை எடைக்குப் போட்டிருப்போம்!