பட்டாளத்திலிருந்து வந்தவரோடு வீடு மறுபடி பழக

1999-ல் கார்கில் சண்டை முடிந்து என் வீட்டுக்காரர் லீவில் வந்தபோது, வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஸ்டேஷனுக்கு ஊரைத் திரட்டிக்கொண்டு போக வேண்டாம். ஜம்முவிலிருந்து காட்பாடி வருவதற்குள் இரண்டு நாளுக்கு மேல் ரயிலிலேயே போய்விடும். ஒருவர் போய்க் கூட்டி வந்தால் போதும். வெந்நீர், ரசம் சோறு, தூக்கம். மாலையும் விருந்தும் அடுத்த வாரம் இருக்கட்டும். "எத்தனை பேரைச் சுட்டே?" என்று கேட்கப்போகிற சித்தப்பா யார் என்று உங்களுக்கே தெரியும். அவரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்.

நம் பக்கத்தில் பெரிய தொல்லை வெடிச் சத்தம்தான். கௌண்டின்யா காட்டிலிருந்து ஆந்திர எல்லை தாண்டி யானை இறங்கினால் நடுராத்திரியிலும் வெடி போடுவார்கள். அப்படி ஒரு ராத்திரி அவர் கட்டிலிலிருந்து தரையில் பாய்ந்து, என் தலையையும் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டார். இந்த மாதிரி நேரத்தில் தோளைத் தொட்டு உலுக்காதீர்கள். சற்றுத் தள்ளி நின்று விளக்கைப் போட்டு, இது எந்த இடம், என்ன சத்தம் என்று சொல்லுங்கள்: "நம்ம வீடுங்க, மோர்தானா பக்கம் ஆனைக்கு வெடி போடறாங்க." மூச்சு சீராகிற வரைக்கும் அதையே நிதானமாகச் சொல்லுங்கள். யானை வந்தால் முன்னாடியே குரல் கொடுக்கச் சொல்லிப் பக்கத்து நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு அவர் ஆசைப்பட்டால் காலையில் போய்க் கும்பிட்டுவிட்டு, வாணவேடிக்கைக்கு முன் திரும்பிவிடுங்கள்.

குழந்தையை "அப்பா மடியில உக்காரு" என்று தள்ளாதீர்கள். எங்கள் மகள் மாமியார் முந்தானைக்குப் பின்னாலேயே நின்றாள். அவர் திண்ணையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரிப்பார், கூப்பிட மாட்டார். பருப்புக்காக அவளே வந்தாள். முதலில் முறத்திலிருந்து எடுத்தாள், அப்புறம் அவர் உள்ளங்கையிலிருந்து. அந்த வாரமே சைக்கிளில் முன்னால் ஏறிக்கொண்டாள்.

கணவன் மனைவிக்கும் அதே வழிதான். அவர் இல்லாதபோது ஆட்டை விற்றிருப்பீர்கள், கடன் வாங்கியிருப்பீர்கள். பாஸ்புக்கை எடுத்து வைத்துப் பகலிலேயே எல்லாம் சொல்லிவிடுங்கள். ராத்திரிக்கு அந்தப் பேச்சு வேண்டாம். அதற்காக, இத்தனை நாள் நீங்கள் நடத்திய வீட்டுப் பொறுப்பை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடவும் வேண்டாம். சேர்ந்து செய்ய ஒரு வேலை தேடிக்கொள்ளுங்கள். தென்னங்கன்றுக்கு அவர் குழி வெட்ட, நான் மண் அள்ளினேன். அவருடைய கூட்டாளி எப்படிச் செத்தார் என்பதை அங்கேதான் சொன்னார். நான் கேட்கவில்லை, கூடையையும் கீழே வைக்கவில்லை.

இறந்த கூட்டாளி வீட்டுக்கு அவர் கிளம்பினால் கூடப் போங்கள். அந்தக் கூட்டாளியின் அம்மா கேட்பதற்கு அவரே பதில் சொல்லட்டும்.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, குடி ஏறுகிறது, சாவைப் பற்றிப் பேசுகிறார் என்றால் மந்திரிக்கக் கூட்டிப்போய் நாளைக் கடத்தாதீர்கள். அரசின் மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் போன் செய்யலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். பணியில் இருப்பவருக்கு ராணுவ ஆஸ்பத்திரி உண்டு, ஓய்வு பெற்றவருக்கு ஈ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் உண்டு. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநலப் பிரிவும் இருக்கிறது. வருட லீவு 60 நாள்தான், அது முடிவதற்குள் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.