எடை கேட்கும் ஊரில் கைவேலை விற்பது

செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் கொலுசுப் பட்டறைகளின் தட்டல் ஓசை கேட்டு வளர்ந்தவள் நான். சேலத்துப் பெண்களுக்கு வெள்ளி என்றால் முதலில் எடை, பிறகுதான் அழகு. வெள்ளிக் கம்பியை வளைத்து மணி கோத்து நான் செய்த முதல் ஜோடிக் கம்மலைப் பெரியம்மாவிடம் காட்டியபோது, அவர் அதை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எத்தனை கிராம்?" என்றுதான் கேட்டார். நான்கு என்றேன். "நான்கு கிராமுக்கா இந்த விலை?"

பதில் சொல்லத் தெரியாமல் இரண்டு ஆண்டுகள் ஏறக்குறைய வெள்ளி விலைக்கே விற்றேன். வீடியோ பார்த்தும் பட்டறை வாசலில் நின்று பார்த்தும் வேலை கைக்கு வந்திருந்தது. கணக்கு வரவில்லை. பொழுதுபோக்கைத் தொழிலாக்க நினைக்கிறவர்கள் புதுக் கருவி வாங்கும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள் என்று சொல்வது அதனால்தான்.

நோட்டில் ஒவ்வொரு நகைக்கும் ஒரு பக்கம். வேலை தொடங்கும்போது நேரத்தைக் குறியுங்கள், முடிக்கும்போதும் குறியுங்கள். எடுத்த கம்பியின் எடை, கோத்த மணிகளின் எடை நீங்கலாக முடிந்த நகையின் எடை இரண்டையும் எழுதுங்கள். இடையில் குறைவது சேதாரம். வெள்ளி விலை தினமும் மாறுவதால், கணக்குக்கு எளிதாகக் கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சேதாரத்தோடு ஐந்து கிராம் என்றால் 500. மணிகள் 60, பெட்டி 25. ஒன்றரை மணி நேர வேலைக்கு மணிக்கு 120 வீதம் 180. ஆக 765. இதோடு ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 153 ரூபாய், சேருங்கள். தேய்ந்த குறடும் விற்காமல் தங்கும் நகையும் அந்தப் பணத்தில்தான் ஈடாக வேண்டும். 918 வருகிறது, 920 என்று வையுங்கள். அந்த 180 ரூபாயை எழுதக் கை கூசும். எழுதியே ஆக வேண்டும். உங்கள் ஒன்றரை மணி நேரத்தை நீங்களே இலவசமாகக் கொடுத்தால் வேறு யாரும் அதற்கு விலை வைக்க மாட்டார்கள்.

பில்லில் இந்தக் கணக்கை மறைக்காதீர்கள். வெள்ளி இவ்வளவு, சேதாரம் இவ்வளவு, செய்கூலி இவ்வளவு என்று தனித்தனி வரியாக எழுதுங்கள். நம் ஊர் மக்கள் நகைக்கடையில் ஆயுள் முழுவதும் செய்கூலி கொடுத்துப் பழகியவர்கள். "கைவினைப் பொருள், அதனால் விலை கூடுதல்" என்று நான் சொன்னபோதெல்லாம் பேரம் பேசியவர்கள், செய்கூலி என்ற சொல்லைப் பார்த்ததும் தலையாட்டினார்கள். பெரியம்மா உட்பட.

சேதாரம் குப்பைக்குப் போகக் கூடாது. வேலை செய்யும் இடத்தில் வெள்ளைத் துணி விரித்து, வெட்டுத் துண்டுகளையும் அரத்தூளையும் டப்பாவில் சேருங்கள். பட்டறைக்காரர்கள் தரையைக் கூட்டிய தூசியைக்கூட விடுவதில்லை. ஓரளவு சேர்ந்ததும் பழைய வெள்ளி வாங்கும் கடையில் கொடுக்கலாம்.

பொருளைப் பற்றிச் சில. சுத்த வெள்ளிக் கம்பி மெத்தென்று இருக்கும். காதில் மாட்டும் கொக்கி வளைந்துவிடும். நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளியும் மீதி பெரும்பாலும் செம்பும் கலந்த கம்பிதான் கொக்கிக்கு ஏற்றது. 20 கேஜ் கம்பி, அதாவது சுமார் 0.8 மில்லிமீட்டர், எடுங்கள். முனையை அரத்தால் உருட்டி, உங்கள் காதிலேயே ஒரு நாள் முழுவதும் போட்டுப் பார்த்த பிறகு விற்பனைக்கு வையுங்கள். வெள்ளிக்குப் பதில் மலிவான கொக்கி போட வேண்டாம். நிக்கல் கலந்திருந்தால் பலருக்குக் காது அரித்துப் புண்ணாகும். பற்றவைக்கும் பொடி வாங்கும்போது காட்மியம் இல்லாததா என்று கேட்டு வாங்குங்கள். காட்மியப் புகை நுரையீரலைக் கெடுக்கும். சமையலறையில் பற்றவைக்கவே கூடாது.

ஒருமுறை நாற்பது ஜோடிகளை அட்டையில் குத்தி, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்தேன். இரண்டு வாரத்தில் ரப்பர் பட்ட இடமெல்லாம் கறுப்புக் கோடு. ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பூந்திக்கொட்டை நீரில் ஊற வைத்துத் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. எல்லாவற்றையும் மெருகு போட வேண்டியதாயிற்று. காற்றுப் புகாத சிறு பிளாஸ்டிக் உறைகளில், ஜோடி ஜோடியாக வையுங்கள்.

ஒரு கடையில் விற்றுத் தரச் சொல்லிப் பன்னிரண்டு ஜோடி கொடுத்தேன். திரும்பி வந்தவை ஒன்பது. விற்றது எத்தனை, தொலைந்தது எத்தனை என்று கேட்க என்னிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. எத்தனை பழக்கமானவராக இருந்தாலும் எண்ணிக்கை, எடை, விலை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

அரசுப் பதிவுகளுக்குப் பயப்பட வேண்டாம். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் ஆதார் எண்ணைக் கொண்டு இலவசமாக முடிகிறது. அதற்குப் பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். வெளி மாநிலத்துக்கு அனுப்பும் முன் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. ஆனால் இல்லாத முத்திரையை இருப்பதாகச் சொல்லாதீர்கள். கம்பி வாங்கிய பில்லைப் பத்திரப்படுத்தி, கேட்டால் எடுத்துக் காட்டுங்கள்.

விற்பனை ஆண்டு முழுவதும் ஒரே சீராக இராது. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்பே ஆர்டர் வரும். ஆடியில் கல்யாணம் இல்லை. கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டம் உண்டு, சிறிய நகைகள் போகும். மே மாதம் ஏற்காட்டில் கோடைக் கூட்டம். அங்கே வருகிறவர்கள் எடை கேட்பதில்லை, கண்ணாடியைத்தான் கேட்கிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் பஸ்ஸில் பெட்டி உருளாமல் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கைக்கண்ணாடி இரண்டு, சிறிய தராசு, பில் புத்தகம், சில்லறை, அவிழ்ந்த வளையத்தை அங்கேயே மாட்டித் தர ஒரு குறடு. மழை வந்தால் மூட ஒரு பிளாஸ்டிக் விரிப்பும் வேண்டும்.