ஒரு ஹம்பக்கர், மூன்று ஒலிகள்: டாகிள் சுவிட்ச் இணைப்பு

கிட்டாரின் ஹம்பக்கர் பிக்கப்பிலுள்ள (தந்தி அதிர்வை மின்குறிப்பாக்கும், இரைச்சலைக் குறைக்கும் இரட்டைச்சுருள் கருவி) இரு சுருள்களைத் தொடராகவோ, பக்க இணைப்பாகவோ, ஒன்றை மட்டுமோ ஒலிக்கச் செய்ய, ஆறு முனைகள் கொண்ட ஆன்-ஆன்-ஆன் வகை (மூன்று நிலைகளிலும் இணைப்புத் தரும்) டாகிள் சுவிட்ச் ஒன்றே போதும். இங்கே சீமோர் டங்கன் என்ற பிக்கப் நிறுவனத்தின் கம்பி நிற முறையைப் பின்பற்றுகிறேன். டிமார்சியோ போன்ற பிற நிறுவனங்களின் நிறங்கள் வேறு என்பதால், அவற்றுக்குரிய வரைபடத்தைப் பார்க்காமல் சால்டரிங் அயர்னைத் தொடாதீர்கள்.

சிவப்புக் கம்பியை இடப்பக்க நடுமுனையிலும் வெள்ளையை வலப்பக்க நடுமுனையிலும் பற்றவைத்து, மேல்முனைகள் இரண்டையும் சிறு கம்பியால் ஒன்றோடொன்று இணையுங்கள். இடது கீழ்முனையும் கறுப்புக் கம்பியும் வால்யூம் பாட்டின் (ஒலியளவுக் குமிழின் கீழுள்ள மாறுமின்தடை) உள்ளீட்டுக்குச் செல்ல வேண்டும். வலது கீழ்முனை, பச்சை, உறையற்ற கம்பி ஆகிய மூன்றும் கிரவுண்டுக்கு.

நெம்பை மேலே தள்ளினால் பெரும்பாலான சுவிட்சுகளில் நடுமுனைகளோடு கீழ்முனைகளே இணையும் (அதாவது பக்க இணைப்பு; கீழே தள்ளினால் தொடர்) என்பது பலரைக் குழப்புவது. நடுநிலையில் ஒரு சுருள் மட்டும் ஒலிக்கும்; எது என்பது சுவிட்சின் உள்ளமைப்பைப் பொறுத்தது.

மூடுவதற்கு முன், கறுப்புக் கம்பியையும் இடது கீழ்முனையிலிருந்து வரும் கம்பியையும் ஒன்றோடொன்று சேர்ந்தபடியே வால்யூம் பாட்டிலிருந்து தற்காலிகமாகப் பிரித்து, அந்த இணைப்புக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். சுருள் ஒவ்வொன்றும் 4 கிலோ ஓம் எனில், தொடரில் 8, தனிச்சுருளில் 4, பக்க இணைப்பில் 2 கிலோ ஓம் காட்ட வேண்டும். தனிச்சுருளில் இரைச்சல் கேட்பது இயல்பே. பக்க இணைப்பு, ஒலி சற்றுக் குறைந்தாலும், இரைச்சலின்றித் தெளிவாக ஒலிப்பதால் என் விருப்பம் அதுவே.