தலையங்கத்தைப் பென்சிலோடு வாசிப்பது

பள்ளிக்கூடக் கிரகித்தல் ‘பத்தி என்ன சொல்கிறது’ என்பதோடு நின்றுவிடும். ‘சொன்னதை ஏன் நம்ப வேண்டும்’ என்பது அதற்கு அடுத்த வேலை. உயர்தரத்தில் அளவையியல் (தர்க்கம்) படித்தவர்களுக்கு எடுகூற்று (முடிவுக்கு ஆதாரமாக வைக்கும் கூற்று), முடிவு, போலி (சரிபோலத் தோன்றும் பிழையான வாதம்) எல்லாம் தெரியும். ஆனால் பாடப்புத்தகத்தில் வாதம் உரித்த பலாச்சுளையாக வரும். பேப்பரில் முள்ளும் பாலுமாக வரும். உரிக்கத்தான் பழக வேண்டும்.

ஒரு பென்சில், ஒரு தலையங்கம், 20 நிமிடம் போதும். யாழ்ப்பாணத்துப் பேப்பர்களான உதயனோ வலம்புரியோ, எதுவும் சரி.

முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடாதீர்கள். முடிந்ததும் பேப்பரை மூடிவிட்டு, எழுதியவர் நம்மை எதை ஒப்புக்கொள்ளச் சொல்கிறார் என்று ஒரே வரியில் எழுதுங்கள். எழுத வராவிட்டால் மறுபடி வாசியுங்கள். இந்த வரி இல்லாமல் விமர்சிக்கத் தொடங்குகிறவர்கள் தலைப்போடு மட்டும் சண்டை பிடிப்பார்கள். முடிவு பெரும்பாலும் ‘ஆகவே’, ‘எனவே’க்குப் பிறகு நிற்கும். சில வேளை கேள்வி வேடத்திலும் வரும்: ‘இன்னும் எத்தனை காலம் பொறுப்பது?’ என்றால், ‘இனிப் பொறுக்கக் கூடாது’ என்பதே முடிவு.

இரண்டாம் வாசிப்பில் ஒவ்வொரு வசனமும் எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள். சைவ சித்தாந்தத்தின் மூன்று அளவைகள், அதாவது ஒன்றை அறியும் வழிகள், இங்கே நன்றாக உதவும். கண்டது, அளந்தது காட்சி: அதற்கு வட்டம். எழுதியவர் தானாக ஊகித்தது கருதல்: அடிக்கோடு. பிறர் சொன்னது உரை: ஓரத்தில் ‘உ’. (சித்தாந்தத்தில் உரை என்றால் ஆகம வாக்கு. பேப்பரில் அது ‘நம்பகமான வட்டாரங்கள்’ ஆகிவிட்டது.) ‘அறியமுடிகிறது’, ‘தெரிவிக்கப்படுகிறது’ என்று சொன்னவர் பெயரே இல்லாமல் வந்தால் ‘உ’வுக்குப் பக்கத்தில் கேள்விக்குறியும் போடுங்கள்.

பயிற்சிக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் பகுதி பற்றி ஒரு பத்தி, எண்கள் கற்பனை:

“வலிகாமத்தில் 12 தோட்டக் கிணறுகளைப் பரிசோதித்ததில் 8 இல் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. வெங்காயத்துக்கு இடும் யூரியாவே இதற்குக் காரணம். ஆகவே யூரியாவைத் தடைசெய்தால் குடாநாட்டின் குடிதண்ணீர்ப் பிரச்சினை தீரும்.”

முதல் வசனத்துக்கு வட்டம். அதற்குள்ளேயே கேள்விகள் இருக்கின்றன. 12 கிணறுகளை யார் தெரிந்தெடுத்தார்கள்? தண்ணீர் எடுத்தது மாரி மழைக்குப் பிறகா, கோடையிலா? 50 என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவுதான். ஆனால் அதையே நைத்திரேற்று-நைதரசனாக, அதாவது நைத்திரேற்றிலுள்ள நைதரசனை மட்டும், கணக்கிட்டால் சுமார் 11 வரும். இரண்டு அறிக்கைகளை ஒப்பிடும்போது அலகைப் பார்க்காதவர் நாலு மடங்குக்கு மேல் பிழை விடுவார்.

இரண்டாம் வசனம் கருதல். ‘யூரியாவே’ என்பதிலுள்ள பிரிநிலை ஏகாரத்தைப் பாருங்கள்: மற்றக் காரணங்கள் எல்லாவற்றையும் அந்த ஓரெழுத்து வெளியே தள்ளிவிட்டது. மலசலகூடக் குழியும் மாட்டெருவும் கூட நைத்திரேற்றுத் தரும். சுண்ணக்கல் வெடிப்புகள் வழியே அது கெதியாகக் கீழே இறங்கும். ‘யூரியாவும் ஒரு காரணம்’ என்று எழுதியிருந்தால் வாதம் தாங்கும்.

மூன்றாவது இன்னும் தூரம் பாய்கிறது. தோட்டக் கிணற்றிலிருந்து முழுக் குடாநாட்டுக்கும், நைத்திரேற்றிலிருந்து குடிதண்ணீர்ப் பிரச்சினை முழுவதற்கும் தாவிவிட்டது. உவர் ஏறிய கிணற்றை யூரியாத் தடை என்ன செய்யும்? சொல்லாமல் விட்ட எடுகூற்றைக் கண்டுபிடிக்க, ஆதாரத்துக்கும் முடிவுக்கும் நடுவே ‘இது சரியாக வேண்டுமென்றால் வேறு எது உண்மையாக இருக்க வேண்டும்?’ என்று கேட்டுப் பாருங்கள்.

அனுமானத்துக்குத் தனிப் பயிற்சி வேண்டும். அதே பத்தியை வைத்து நாலு கூற்றுகள் எழுதி, கட்டாயம் உண்மை, இருக்கலாம், பத்தி சொல்லவில்லை, பிழை என்று பிரியுங்கள். ‘4 கிணறுகள் 50 ஐத் தாண்டவில்லை’ கட்டாயம் உண்மை. ‘வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் அரைவாசிக்கு மேல் கெட்டுவிட்டன’ இருக்கலாம், அவ்வளவுதான். ‘சோதித்த எல்லாக் கிணறும் 50 ஐத் தாண்டியது’ பிழை. ‘யாழ்ப்பாணத்து நிலத்தடி நீர் சுண்ணக்கல்லில் தங்குகிறது’ என்பதில்தான் கெட்டிக்காரரும் சறுக்குவார்கள். உண்மை, ஆனால் பத்தி சொல்லவில்லை. பரீட்சையில் புள்ளி போவது அறியாமையால் அல்ல, இப்படிக் கூடுதலாகத் தெரிந்திருப்பதால்.

எழுதியவர் உரக்கடைக்காரர் என்று தெரிந்தால் ஆதாரத்தை இன்னொரு முறை பாருங்கள்; அதற்காக வாதத்தைத் தூக்கி எறிய வேண்டாம். கடைக்காரர் சொன்னாலும் 8 எட்டுத்தான்.

இரண்டு கிழமை பழகிய பிறகு, நீங்கள் முழுதாக உடன்படுகிற தலையங்கம் ஒன்றை எடுங்கள். அதில் வட்டங்களைவிட அடிக்கோடுகள் கூடுதலாக விழுந்தால், அதே செய்தியை மற்றப் பேப்பரிலும் தேடி வாசியுங்கள். பொது நூலகத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் அங்கே பேப்பரில் கீறாதீர்கள், குறிகளைக் கொப்பியில் போடுங்கள்.