அரைக்கோண வாய்ப்பாட்டால் துல்லியமான மதிப்பைக் காணும் முறை

22.5 பாகையின் சைன் மதிப்பைக் கணிப்பானில் தட்டினால் 0.3826 எனத் தொடங்கும் தசம எண் கிடைக்கும். பதினோராம் வகுப்பு முக்கோணவியலில் கேட்கப்படுவதோ வர்க்கமூலக் குறியோடு எழுதும் துல்லியமான மதிப்பாகும். அதற்கு முதலில் கொடுத்த கோணத்தை இரட்டித்துப் பார்க்க வேண்டும். 30, 45, 60 அல்லது அவற்றோடு தொடர்புடைய 150, 225 போன்ற அறிந்த கோணம் வந்தால் அரைக்கோண வாய்ப்பாடு நேரடியாக உதவும்.

இரட்டித்த கோணத்தை 'அ' எனக் கொண்டால்,

சைன்²(அ/2) = (1 − கொசைன் அ)/2
கொசைன்²(அ/2) = (1 + கொசைன் அ)/2

இவை இரட்டைக் கோண வாய்ப்பாட்டை மாற்றி எழுதியவையே ஆதலால், மறந்தாலும் ஒரு வரியில் வருவித்துவிடலாம். கொசைன் 45° = √2/2 எனப் பிரதியிட்டால் சைன்² 22.5° = (2 − √2)/4 ஆகும்; ஆகவே சைன் 22.5° = √(2 − √2)/2.

வர்க்கமூலம் எடுத்தவுடன் மிகைக் குறியா, குறைக் குறியா என்ற கேள்வி எழுகிறது. மதிப்பெண் பெரும்பாலும் இங்கேதான் பறிபோகிறது. கொசைன் 112.5° காண வேண்டுமெனில் இரட்டித்த கோணம் 225°, அதன் கொசைன் −√2/2 என்பதால் கொசைன்² 112.5° = (2 − √2)/4 என வரும். 225° மூன்றாம் கால்பகுதியில் இருப்பதைப் பார்த்துக் குறியை முடிவு செய்யக் கூடாது, 112.5° இருக்கும் இரண்டாம் கால்பகுதியைத்தான் பார்க்க வேண்டும். அங்கே கொசைன் குறை எண், எனவே விடை −√(2 − √2)/2. கொசைனுக்கு இரண்டு கால்பகுதிகளிலும் குறை எண்ணே வருவதால் தவறான வழியில் போனவருக்கும் இந்த விடை சரியாக வந்துவிடும், சைன் 112.5° கேட்டால்தான் குட்டு வெளிப்படும், ஏனெனில் அது √(2 + √2)/2 என்னும் மிகை எண்.

சைன் 15° கண்டால் √(2 − √3)/2 வரும், விடைப் பகுதியில் (√6 − √2)/4 என்றிருக்கும். இரண்டையும் வர்க்கப்படுத்தினால் (2 − √3)/4 என்றே கிடைப்பதாலும், இரண்டும் மிகை எண்களாதலாலும், அவை ஒன்றே.

டேன்ஜெண்டுக்கு மட்டும் வர்க்கமூல வடிவத்தைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. டேன்(அ/2) = (1 − கொசைன் அ)/சைன் அ என்பதில் குறி தானாகவே அமைந்துவிடும்; டேன் 22.5° = √2 − 1 என ஒரே அடியில் வரும்.

கோவையின் பம்புசெட் பட்டறைகளைப் போன்ற இடங்களில், 50 மி.மீ. சதுரக் கம்பியை எட்டுப் பட்டையாக்க இந்த மதிப்பே போதும். ஒழுங்கான எண்கோணத்தின் ஒரு பக்கம், எதிரெதிர்ப் பட்டைகளின் இடைவெளியை √2 − 1 ஆல் பெருக்கிய அளவு, அதாவது ஏறத்தாழ 20.71 மி.மீ.; ஆகவே சதுரத்தின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் இருபுறமும் 14.64 மி.மீ. தள்ளிக் கோடு போட்டு, 45 பாகையில் மூலையைச் சீவ வேண்டும்.